நாற்பத்தெட்டுத் துளைத் தட்டு

கொழும்புக்குப் போகும் மாலை மெயில் ரயிலுக்கு இன்னும் நான்கு மணித்தியாலம்தான். யோசப்பினுக்கோ இருபத்தொன்பது துளை மிச்சம்.

பொறியியல் இறுதியாண்டுக்காரி அவள். நாற்பத்தெட்டுத் துளை போட்ட ஓர் இரும்புத் தட்டு அழுத்தம் தாங்காமல் எங்கே வெடிக்கும் என்பதுதான் ஆய்வு. தட்டு முழுவதையும் சின்னச் சின்ன நாற்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூலைப் புள்ளிக்கும் இலக்கமும் இடமும் எழுதிக் கொடுத்தால்தான் கொம்பியூட்டர் கணக்குப் பார்க்கும். அந்தக் கொம்பியூட்டர் மகாராசா கொழும்பில் இருந்தார். 1986இல் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. கூடப் படிக்கும் லயனல் அவள் எழுதிய தாள்களைக் கொண்டுபோக இன்றைக்கு ரயிலேறுகிறான். சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் அங்கே கொம்பியூட்டரை அவளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். தவறவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான்.

மூன்று கிழமையாகக் கையாலேயே எழுதினாள். இருபதாவது துளையில் பேனை நின்றது. முந்திய துளைக்கு எழுதிய அதே எண்கள். கொஞ்சம் தள்ளி நிற்கின்றன, அவ்வளவுதான்.

"ஐயோ, நானொரு மொக்கு!" என்று கத்தினாள். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அண்ணன் பிலிப்பு பாம்போ என்று ஓடிவந்தான்.

ஒரு துளை, அதைச் சுற்றி ஒரு சதுரம், இடையில் வளையங்கள்: எண்பது புள்ளி. அதை மட்டும் எழுதினால் போதும். பக்கவாட்டில் எட்டு, கீழே ஆறு என்று தள்ளி வைக்கிற வேலையைக் கொம்பியூட்டரே பார்க்கட்டும்! கட்டளை பன்னிரண்டே வரியில் முடிந்தது. 3840 புள்ளி. அவளுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

சரிபார்ப்பதற்காக, முதலிரண்டு சதுரத்தின் புள்ளிகளையும் எழுதி, பிலிப்புவை வாசிக்கச் சொன்னாள்.

"பிள்ளை, உந்த அறுபத்தஞ்சும் நூற்றைம்பத்திமூண்டும் ஒரே இடத்திலையெல்லோ நிக்குது?"

"ஓம் அண்ணை, ரெண்டு சதுரமும் தொடுற இடம்."

"அப்ப ஒரு முடிச்சுக்கேன் ரெண்டு இலக்கம்? ரெண்டு வலையைத் தைக்காமல் பக்கத்திலை போட்டா மீன் நடுவாலை போயிடும்."

அவன் சொன்னது சரி. கொம்பியூட்டருக்கு அது தட்டே இல்லை, நாற்பத்தெட்டுத் துண்டு. படலையில் லயனலின் சைக்கிள் மணி அடித்தது.

"அஞ்சு நிமிசம் நில்லும்!" என்று கூவியபடியே எழுதினாள்: புதுப் புள்ளிக்கு இலக்கம் போடுமுன் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்று நிற்கிறதா பார், நின்றால் அதன் இலக்கத்தையே எடு. இரட்டித்தவற்றைக் கழித்தாள், 375. மிச்சம் 3465. அதைத் தாளின் தலையில் எழுதி வட்டமிட்டாள்.

"இந்த எண் வந்தால்தான் தட்டு ஒட்டியிருக்கு, லயனல். மறந்திடாதையும்."

திங்கட்கிழமை லயனலின் தந்தி வந்தது. உள்ளே ஓர் எண் மட்டும்: 3465.

செருப்பில்லாமல் கடற்கரைக்கு ஓடினாள். "மூவாயிரத்து நானூற்று அறுபத்தஞ்சு!" என்று கத்த, வள்ளம் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"லொத்தர் விழுந்திட்டுதோ?" என்றார் பக்கத்து வீட்டுச் சிமியோன்.

வள்ளத்தடியில் நின்ற பிலிப்புவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "லொத்தரில்லை, சிமியோன் அண்ணை. என்ரை தங்கச்சி தைச்ச வலை. ஒரு முடிச்சும் விடேல்லை."