ஓடைக்கரைப் பெட்டிக்கு ஈரச் சாக்கு

காட்டில் மரத்துக்கு மரம் கட்டியிருந்த சின்னப் பெட்டிகள் சூட்டையும் புகையையும் மோந்து பார்த்து, கம்பியில்லாமலே ஒன்று அடுத்ததுக்குச் சொல்லி, அடிவாரத்து அறையின் திரைவரை சேதியைக் கொண்டுவந்துவிடும். திரையைப் பார்ப்பது சின்னவனுக்கு வேலை. மேலே காய்ந்த புல்லை வெட்டி, தீ தாவாதபடி தடம் போடுவது அவன் அண்ணனுக்கும் கூட்டாளிகளுக்கும் வேலை.

மத்தியானமானால் ஓடைக்கரைப் பெட்டி ஊமையாகிவிடும். ஏனென்று சின்னவனுக்குத் தெரியும். அந்த மரத்தடியில்தான் நிழல். அங்கே டீ கொதிக்க வைத்தால் பெட்டி கூப்பாடு போடும், ஜீப் வரும், வசவு விழும். அதனால் அண்ணன் பெட்டிமேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவான். குடித்ததும் எடுத்துவிடுவான். எஞ்சினியர் மேடம் கேட்டால், பேட்டரி மக்கர் பண்ணுது என்று சின்னவன் சமாளிப்பான்.

அன்று டீ நேரம் போயும் பெட்டி வாய் திறக்கவில்லை. காற்று வேறு பேயாக அடித்தது. பக்கத்து மேட்டுப் பெட்டியில் சூடு ஏறியது. அண்ணனுக்குப் போன் போட்டான், போகவில்லை. உண்ட மயக்கத்தில் கட்டையைச் சாய்த்திருப்பார்கள்.

"ஓடைக்கரை என்ன, மறுபடியும் பேட்டரியா?" என்றாள் மேடம்.

தலையாட்டினால் போதும், இரண்டு பேர் வேலையும் தப்பும். சின்னவன் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினான்.

"பேட்டரி இல்ல மேடம். சாக்கு. எங்கண்ணன் மூடி வெச்சிருக்காரு. எனக்கும் தெரியும். எல்லாரும் அங்கதான் தூங்குறாங்க."

வைவதற்கு நேரமில்லை. "ஓடைக்கரைக்குப் போ! சைரன் போட்டுட்டே போ!" என்று வயர்லெஸ்ஸில் ஜீப் டிரைவரிடம் கத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டி திடுமென உயிர் பெற்றது. அது காட்டிய சூட்டைப் பார்த்ததும் சின்னவன் மறுபடியும் அண்ணனுக்குப் போன் போட்டான்.

ஜீப் எல்லாரையும் அள்ளிக்கொண்டு வந்தது. கடைசியாக அண்ணன் இறங்கினான். புருவம் பொசுங்கி, மூஞ்சி கரிச்சட்டியாகி, கையில் கருகிய சாக்கோடு.

"வண்டியில ஏறுனவன் குதிச்சுத் திரும்பி ஓடுறான்பா!" என்றான் டிரைவர்.

"அறிவிருக்கா உனக்கு? சாக்குக்காகவாண்ணே போன?"

அண்ணன் மேடத்துக்குக் கேட்காதபடி தம்பி காதருகே குனிந்தான். "பெட்டியச் சாக்கோட பாத்தா உன் வேலைக்கும் உலை வெச்சிடுவாங்களேடா."

"நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "முதல்ல குடிங்க. மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும், சாக்கை வெச்சிட்டுப் போங்க. டீ போட உங்களுக்கு அங்க ஒரு இடம் விடலன்னும் சேர்த்தே சொல்றேன்."

அண்ணன் சாக்கைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான்.

"அடப்பாவி. முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா புருவமாவது மிஞ்சியிருக்கும்."