எழுபது கிராம்

சலவைத்தூள் கம்பெனியில் அவளை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கேயே வேலை பார்க்கும் நாத்தனார் அப்படிக் கூப்பிடப் போக, அது பாக்கிங் பிரிவு முழுக்கப் பரவி, கடைசியில் நரைத்த மீசை லாரி டிரைவர் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. அத்தனை பேருக்கு அண்ணியாக இருந்து என்ன, அந்த நாத்தனாரிடம் மட்டும் அவளால் ஒரு பேச்சில்கூட ஜெயிக்க முடியாது.

வீடு ஓடியது இந்த இரண்டு பெண்களின் சம்பளத்தில்தான். அண்ணியின் புருஷன் வாடகைக் கார் ஓட்டினான். செல்போனில் சவாரி வந்தால் உண்டு, வராவிட்டால் நாளெல்லாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நாத்தனாருக்குப் புருஷன் இல்லை. நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் இருந்தாள். அண்ணிக்கு பாக்கிங்கில் ஒன்பது வருஷம். நாத்தனாரைப் போன வருஷம்தான், யார் யார் காலிலோ விழாத குறையாகக் கெஞ்சி, தூள் கலக்கும் பிரிவில் சேர்த்துவிட்டிருந்தாள்.

கம்பெனிக்குக் கஷ்டகாலமாம். சலவைச் சோடா விலை ஏறிவிட்டதாம், டீசல் ஏறிவிட்டதாம். பாக்கெட் விலையை ஏற்றினால் சனங்கள் வேறு தூளுக்குத் தாவிவிடுவார்கள். அதனால் மேலே இருக்கும் மகா புத்திசாலிகள் விலையைத் தொடவில்லை, தூளைத் தொட்டார்கள். ஐந்நூறு கிராம் பாக்கெட் நானூற்று முப்பதாயிற்று. அதே நீலக் கவர், அதே சிரிக்கும் பெண், அதே விலை. பின்பக்கம் பொடி எழுத்தில் எடை மட்டும் மாறியது.

இப்படி மாற்றும் நாளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அச்சடித்த கவர் சுற்றியிருக்கும் ரோல், அப்புறம்தான் மிஷினின் எடை. அண்ணிக்கோ எதையும் வீணாக்க மனசு வராது. பழைய ரோலின் மிச்சத்தை வெட்டி எறியாமல், சிவப்பு டேப்பால் புது ரோலின் முனையோடு ஒட்டி மாட்டினாள். மிச்சம் தீர்ந்து சிவப்பு டேப் தலைகாட்டியதும் மிஷினை நிறுத்தி எடையை மாற்ற வேண்டும். வருஷக்கணக்காகச் செய்கிற வேலைதான்.

அன்றைக்குப் பார்த்தா மேனேஜர் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேச வேண்டும்? அடுத்த மாதம் ஆள் குறைப்பு, பட்டியல் தயாராகிறது, தப்பு செய்கிறவர்கள் பெயர் முதலில் ஏறும் என்றார். அண்ணி ஒன்பது வருஷம் ஒன்பது வருஷம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தாள், எடையை நானூற்று முப்பதுக்குத் திருப்பினாள், மிஷினை ஓட விட்டாள்.

சாப்பாட்டு மணி அடிக்கிற சமயத்தில் அந்தச் சிவப்பு டேப் சாவகாசமாக நகர்ந்து வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் ஐந்நூறு என்று அச்சடித்த கவருக்குள் நானூற்று முப்பது போயிருக்கிறது. லாரியில் ஏறியதே ஆயிரத்து நூறு பாக்கெட். அந்த லாரி கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. அதே தூளைப் புதுக் கவரில் போட்டிருந்தால் வியாபாரம், பழைய கவரில் போட்டதால் குற்றம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே நாத்தனாரிடம் போய்க் கொட்டித் தீர்த்தாள். மேனேஜரிடம் சொல்லிவிடலாமா என்றாள்.

“சும்மா இருங்க அண்ணி. நீங்களாப் போய் தலையைக் குடுப்பீங்களா? யார் தராசு வச்சுகிட்டு துணி துவைக்கிறாங்க?”

அண்ணி வாயை மூடிக்கொண்டாள். மூடியது வாய்தான், மனசு பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. வீட்டில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். போனை எடுத்தால் எடை சோதிக்கும் அதிகாரிகள் குரல், கதவைத் தட்டினால் அதிகாரிகள் கை என்று பதினோரு நாள் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனதும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் உட்காரச் சொன்னதே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்தாள்.

ரோல் கணக்கையும் தூள் கணக்கையும் ஒப்பிட்டு அவர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டிருந்தார். கத்தவில்லை. டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

“பயப்படாதீங்க. ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. ஆயிரத்து நூறு பாக்கெட். பின்னாடி தலைமை ஆபீஸ் புகார் நம்பர் போட்டிருக்கு. ஒருத்தர்கூட கூப்பிடல. ஒரே ஒரு புகார் வந்திருந்தாலும் தலைமை ஆபீஸ் பயந்திருக்கும்.”

எழுபது கிராம் குறைந்தது ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் நூறு குறைந்தாலும் தெரியாது. இதுதான் அவர் போட்ட கணக்கு. அடுத்த மாதம் நானூறு கிராம், அதையும் சட்டப்படி அச்சடித்தே விற்பார்களாம். தூள் அவ்வளவு தேவையில்லை என்பதால் கலக்கும் பிரிவில் மூன்றாவது ஷிப்டை எடுத்துவிடலாம். கடைசியாகச் சேர்ந்த பதினோரு பேரை அனுப்பினால் போதும். மாலை ஐந்து மணிக்கு அறிக்கை மேலே போகிறது. பாக்கிங்கில் யாருக்கும் பாதகமில்லை, நிம்மதியாக வேலையைப் பாருங்கள் என்று முடித்தார்.

“எங்க நாத்தனார் கலக்குற பிரிவுலதான் சார் இருக்கா. போன வருஷம் சேர்ந்தா.”

அவர் பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை. வருத்தமாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது மணி நாலேகால். கேட் அருகே நாத்தனார் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்தே கேட்டாள், வேலை போய்விட்டதா என்று.

“எனக்குப் போகல. உனக்குத்தான் போகப் போவுது. நான் பண்ணின தப்பை வச்சு.”

நடந்து முடிந்ததையும் நடக்கப் போவதையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தாள். நாத்தனார், மகளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு அண்ணி என்று மட்டும் சொன்னாள், அதுவும் யாரிடமோ சொல்வது போல.

அண்ணிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. விறுவிறுவென்று சாலையைக் கடந்து எதிர்க் கடைக்குள் போனாள். நீலப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏழாவதில் ஐந்நூறு கிராம் என்று இருந்தது, தப்பு நடந்த அன்றைய தேதியும் இருந்தது. கடைக்காரரின் தராசில் வைத்து, அவரையும் பார்க்கச் சொல்லிவிட்டு, கவரில் இருந்த நம்பரைப் போனில் அழுத்தினாள்.

நாத்தனார் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். “வேணாம் அண்ணி, விசாரிச்சா உங்க மிஷினுக்குத்தான் வருவாங்க. உள்ளதும் போயிடும். நான் வேற எங்கயாவது பாத்துக்கிறேன்.”

அண்ணி கையை விடுவித்துக்கொண்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி, என்ன புகார் என்று கேட்டது. எடை குறைகிறது என்றாள். தேதியையும் பாக்கெட் எண்ணையும் படித்துக் காட்டினாள். தராசு சரியானதுதானா, பாக்கெட் பிரிந்திருந்ததா என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். கடைசியில், இந்த ஒரு பாக்கெட் மட்டும்தானா, வேறு பாக்கெட்டும் குறைகிறதா என்றாள்.

“ஆயிரத்து நூறு பாக்கெட் குறையுது.”

“அது எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?”

“நான்தாம்மா நிரப்பினேன். பேரை எழுதிக்குங்க.”