வியாழக்கிழமை ரத்தம்

ஒளி அளக்கும் மெஷின் கீகீயென்று கத்தியது. ஒரு கையுறையைக் கழற்றியும் கழற்றாமலும் ஓடி வந்து திரையைப் பார்த்தவள், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் அதே. இரண்டு வரிசையும் மங்கல்.

சோதனை என்னவோ எளிமையானதுதான். ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து இரண்டு வரிசைக் குழிகளில் விடவேண்டும். ஒரு வரிசைக்கு வைட்டமின் ஈ. மற்றதற்கு அதைக் கரைக்கிற திரவம் மட்டும். பிறகு இரண்டுக்கும் செத்த கிருமியின் துணுக்கு. அணுவின் மேலிருக்கும் ஏற்பி அதைத் தொட்டு உணர்ந்து உள்ளே சேதி அனுப்பும். சேதி போன அளவுக்குக் குழி ஒளிரும். வைட்டமின் அந்தச் சேதியை அடக்கி வாசிக்க வைக்கிறது என்பது அவள் கட்சி. அப்படியானால் வைட்டமின் படாத வரிசை பளிச்சென்று எரிய வேண்டும். ஆரம்பத்தில் எரிந்தது. கருத்தரங்கில் மேடையேறிப் பேசிக் கைதட்டல் வாங்கினாள். கண் பட்டதுபோல அடுத்த மாதத்திலிருந்து அதுவும் அழுது வடிகிறது. ஐந்து மாதம்.

திரவத்தை மாற்றிப் பார்த்தாள். கிருமித் துணுக்கைப் புதிதாக வரவழைத்தாள். எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒட்டும் அந்த வைட்டமின் தவறிப்போய் இந்தப் பக்கம் வந்துவிடுகிறதோ என்று குழாய்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள். எதுவும் மசியவில்லை.

காலையில் ஆய்வகத் தலைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “உன் கை சுத்தமில்ல. இன்னிக்கு எடுக்கிற ரத்தம்தான் கடைசி. இதுவும் சொதப்பினா, திங்கக்கிழமை இந்த வேலையை இழுத்து மூடிடலாம்.”

மூன்று வருஷ உழைப்பு. அவள் மெஷினை அணைத்துவிட்டு ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனாள்.

கணவன் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். முதல் நாளிலிருந்து அவன் ரத்தம்தான். ஒரு வியாழன்கூடத் தவறியதில்லை. நர்ஸ் அக்கா படிவத்தை எடுத்தார்.

“காய்ச்சல்?”

“இல்ல.”

“மருந்து ஏதாவது?”

“அதெல்லாம் கிடையாது. எல்லாப் பொண்டாட்டியும்தான் புருஷன் ரத்தத்தைக் குடிக்கிறாங்க. கையெழுத்து வாங்கிட்டுக் குடிக்கிறவ இவ ஒருத்திதான்.”

அக்கா சிரித்துக்கொண்டே ஊசியைச் செருகினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இன்னிக்கும் ஊத்திக்கிச்சுங்க. கிருமியைக் கொண்டுபோய் மூஞ்சிக்கு நேரா வச்சாலும் உங்க அணு கம்முனு கிடக்கு. வீட்டுல நான் கத்தும்போது நீங்க இருப்பீங்களே, அதே மாதிரி. என் கைதான் சரியில்லையாம். எனக்கே நம்பிக்கை போயிடுச்சு.”

குழாயில் ரத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவன் இன்னொரு கையால் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

“உனக்குப் போனா என்ன, எனக்குப் போகல. அன்னிக்கு மேடையில நீ பேசினதைக் கேட்டதிலேர்ந்து, ஒரு நாள் விடாம அந்த வைட்டமின் மாத்திரையைத்தான் போட்டுட்டிருக்கேன்.”