ஏழாம் நிமிடத்து விசிறி

நீங்கள் எந்த அலுவலகத்துக்காவது போன் செய்து, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்பதைக் கேட்டுப் பல்லைக் கடித்திருந்தால், அந்தக் குரல் என்னுடையதாக இருக்கலாம். ஒன்பது வருடமாக அதுதான் என் பிழைப்பு. ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று நான் சொல்லாத எண் கிடையாது. ஒருமுறை எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராமல் புகார் சொல்லப் போன் செய்தபோது, என்னை இருபது நிமிடம் காக்கவைத்தவளும் நானேதான். அண்ணன் அதை இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

இந்த வருடம்தான் முதன்முதலாக ஒரு புத்தகம் கைக்கு வந்தது. ஒலிப்புத்தகம் போடும் நிறுவனம் ஒன்று, நாற்பது அத்தியாயம் கொண்ட ஒரு நாவலை நான் வாசிக்கட்டும் என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. படுக்கையறை அலமாரியைக் காலி செய்து, உள்ளே கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஒரு ஸ்டூலில் மடிக்கணினியை வைத்து, முழங்கால் இடிக்க உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் பதிவு செய்தேன். நான் பேசப் பேச என் குரல் திரையில் வண்ணப் படமாக விரிந்து ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது என் பழக்கம். கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெண் தனியாக இருக்கிறாள், மழை கொட்டுகிறது, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அத்தோடு அந்த அத்தியாயம் முடியும்.

மறுநாளே திரும்பி வந்துவிட்டது. அந்த நிறுவனத்தில் பதிவுகளைக் கேட்டுச் சரிபார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். ஒலிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே வரி எழுதியிருந்தார்: "மூன்றாவது நிமிடத்திலிருந்து கணினியின் விசிறிச் சத்தம்." கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைக்கைத் தள்ளி வைத்து மறுபடி வாசித்து அனுப்பினேன். மறுபடியும் அதே வரி. வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமான பதிவு வராவிட்டால் புத்தகம் வேறொரு குரலுக்குப் போய்விடும் என்பதை மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தார். சத்தத்தை அவரே துடைத்துவிட முடியாதா என்று போனில் கெஞ்சினேன். துடைத்தால் குரலின் தோலும் சேர்ந்து உரிந்துவிடும் என்றார். உள்ளே பிராசசர் சூடேறுவதால்தான் விசிறி சுற்றுகிறது, சூடேறாத பிராசசராகப் பார்த்து ஒரு புது லேப்டாப் வாங்குங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றைக்கு ஞாயிறு. திங்களும் செவ்வாயும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. பிராசசர் என்றால் என்ன என்றே அதுவரை யோசித்ததில்லை. இரண்டே நாளில் கனவிலும் அதுதான். என் கைக்கு எட்டிய விலையில் இரண்டு மடிக்கணினிகள் இருந்தன. ஒரே உடல், ஒரே நிறம், ஒரே திரை. பிராசசரின் எண்ணும் ஒன்றேதான்; வாலில் மட்டும் ஒன்றுக்கு யு, இன்னொன்றுக்கு ஹெச். யு அதிகம் சூடாகாது என்றார் ஒருவர். ஹெச் வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு ஓய்வெடுக்கும், அதனால் அதுதான் குளிர்ச்சி என்றார் இன்னொருவர். ஒரு பட்டியலில் இது ஆறு சதவீதம் முன்னால், இன்னொரு பட்டியலில் அது நான்கு சதவீதம் முன்னால். ஒரு வீடியோவில் ஒரு ஆள் முக்கால் மணி நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிவிட்டுக் கடைசியில், உங்கள் தேவையைப் பொறுத்தது என்று முடித்தான். என் தேவை அவனை ஒரு அறை விடுவது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எரிச்சல் ஒரு பக்கம் இருந்தாலும் மண்டைக்குள் ஒரு குடைச்சல் தொடங்கிவிட்டது. நகம் அளவுள்ள இரண்டு சில்லுகள். ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்து உள்ளே போய் என்ன செய்கிறது? ஒன்று ஏன் வியர்க்கிறது, இன்னொன்று ஏன் வியர்ப்பதில்லை? வாங்குவது இரண்டாம் பட்சமாகி, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே பெரிதாகிவிட்டது.

அண்ணனிடம் கேட்டேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். கணினி பற்றி அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததைவிடக் குறைவு. நான் எழுதி வைத்திருந்த பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தான்.

"காலி லிஃப்ட்ட ஓட்டிப் பாத்தா எல்லா மோட்டாரும் ஒண்ணுதான். ஆளு ஏத்திப் பாரு. அதுவும் யாரோ இல்ல, தெனம் ஏறுற அதே ஆளுங்க."

புதன்கிழமை காலை இருவரும் கடைக்குப் போனோம். என் மைக், என் ஹெட்போன், நான் பதிவுக்கு வைத்திருக்கும் அதே மென்பொருள், அதே முதல் அத்தியாயம், எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டேன். விற்பனையாளர் மெலிந்த, பொறுமையான மனிதர். யு என்றால் பேட்டரி நிற்கும், ஹெச் என்றால் வேகம் என்று மனப்பாடமாக ஆரம்பித்தவர், நான் கேட்ட கேள்விகளில் மூன்றாவதிலேயே திணறிப்போனார். இரண்டையும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும், அமைதியான இடம் வேண்டும் என்றேன். முன்னால் பாட்டுப் பெட்டிகள் அலறிக்கொண்டிருந்தன. கொஞ்சம் தலையைச் சொறிந்துவிட்டு, பின்னால் சரக்கு அறைக்கு அழைத்துப் போனார்.

உள்ளே நுழைந்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. கூரை வரை அட்டைப் பெட்டிகள், மூலையில் தெர்மாகோல் குவியல். பேசினால் குரல் அங்கேயே விழுந்து கிடந்தது. என் அலமாரி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

யு முதலில். ஒரு பெட்டிமேல் வைத்து, மென்பொருளை ஏற்றி, வண்ணப் படத்தை விரித்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். அண்ணன் கையில் கடிகாரத்தோடு நின்றான். விற்பனையாளர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். ஏழாவது நிமிடம் விசிறி எழுந்தது. முதலில் பெருமூச்சு மாதிரி, பிறகு உய்யென்று.

சரி, ஹெச்சுதான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அதை வைத்து அதே பக்கங்களை வாசித்தேன். ஏழாவது நிமிடம் தாண்டி ஒரு கால் நிமிடம். உய்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, கண்ணில் நீர் நின்றது. இரண்டும் கைவிட்டால் அந்தப் புத்தகம் போய்விடும். நான் மறுபடி மூன்றை அழுத்தவும், நான்கை அழுத்தவும் என்று உட்கார வேண்டியதுதான். விற்பனையாளர் இதைவிட விலை கூடிய ஒன்றைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தார். அண்ணன் அவரைக் கையமர்த்தினான்.

"ரெண்டு வேற வேற மோட்டாரு. ஒரே எடத்துல கத்துது. அப்ப கோளாறு மோட்டார்ல இல்ல, நீ ஏத்துற சுமையில. ஒவ்வொண்ணா எறக்கு."

அழுகை அப்படியே நின்றுவிட்டது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? உய்யென்று கத்திக்கொண்டிருந்த ஹெச்சின் முன்னால் குனிந்தேன். முதலில் மைக்கைப் பிடுங்கினேன். சத்தம் குறையவில்லை. திரையில் நாவல் பக்கங்கள் திறந்திருந்த சன்னலை மூடினேன். அதே சத்தம். பிறகு வண்ணப் படத்தை மூடினேன். நாங்கள் மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அரை நிமிடத்தில் விசிறி தணிந்தது. பிறகு நின்றேவிட்டது.

படத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் உய். மூடினேன். அமைதி. யுவிலும் அதையே செய்தேன். அதே கதைதான். விளக்குச் சுவிட்சைக் கண்டுபிடித்த குழந்தை மாதிரி நாலைந்து முறை போட்டுப் போட்டு அணைத்தேன். இரண்டு நாளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் ஒப்பிட்ட அத்தனை சதவீதமும் இந்தப் படத்துக்கு முன்னால் செல்லாக்காசு. என் குரலைப் பதிவு செய்வது பிராசசருக்குத் தூசு தட்டுகிற வேலை. அந்தக் குரலை ஒவ்வொரு கணமும் வண்ணம் தீட்டி எனக்குக் காட்டுவதற்குத்தான் அது நாக்குத் தள்ளியிருக்கிறது.

படம் எதற்கு என்று அண்ணன் கேட்டான். விளக்கினேன். அறிவிப்புக்கெல்லாம் குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஒவ்வொரு சொல்லும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். படத்தில் பச்சைக்கு மேலே சிவப்பு தெரிந்தால் திரும்ப வாசிக்க வேண்டும். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே நாக்கு தடுமாறியது. மழையில் கதவு தட்டப்படுகிற இடத்தையும் நான் பச்சைக்குள்தானே வாசித்தேன்?

"அது இல்லாம நல்லாப் படிக்கறனான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"லிஃப்ட்டுக்குள்ள நிக்கறவன் கயித்தப் பாத்துக்கிட்டா நிப்பான்? அவன் போற மாடியத்தான் பாப்பான்."

அசடு வழிய விற்பனையாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பதினோரு வருடமாக விற்கிறேன், இன்றைக்குத்தான் இதுகளைக் காது கொடுத்துக் கேட்டேன் என்றார். கடைசியில் எது நல்லது என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றுதான், வேறொருவருக்கு அவர் ஏற்றுகிற சுமையை ஏற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பழைய மடிக்கணினியையே அலமாரிக்குள் வைத்தேன். படத்தை மூடினேன். வெறும் கறுப்புத் திரையும் பக்கங்களும். முதல் இரண்டு வரி கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. கண் பழக்கத்தில் பச்சையைத் தேடியது. தேட ஒன்றும் இல்லாததால் பக்கத்துக்கே திரும்பியது. அந்தப் பெண் கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றினாள். மழை பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டாவது நிமிடம் கதவு தட்டப்பட்டபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பதிவை நிறுத்தத் தோன்றாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். பழைய விசிறி ஒருமுறைகூட எழவில்லை.

வியாழக்கிழமை காலையில் அனுப்பினேன். மத்தியானம் வரை பதில் இல்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மூன்று மணிக்கு ஒலிக்காரரே போன் செய்தார். விசிறி போய்விட்டது, எந்த பிராசசர் வாங்கினீர்கள் என்று கேட்டார். எதுவும் வாங்கவில்லை, படத்தை மூடினேன் என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, சரி, அது இருக்கட்டும் என்று இழுத்தார். புத்தகம் கையை விட்டுப் போகிறது என்றே நினைத்தேன்.

அதே அத்தியாயத்தை அவர் மூன்றாவது தடவையாகக் கேட்டிருக்கிறார்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் தயங்கித் தயங்கி. "அந்தக் கதவத் தட்டுனது யாரு?"