பாலத்தாண்ட

திசையன்விளையில் பள்ளிப் படிப்பும் பாளையங்கோட்டையில் முதுகலைத் தமிழும் முடித்த கரோலினுக்குத் தன் எழுத்தின்மேல் நம்பிக்கை அதிகம். வண்டலூர் போலீஸ் அகாடமியில் அவளோடு உதவி ஆய்வாளர் பயிற்சி பெற்ற பட்டதாரிகளில் வாக்குமூலம் எழுதும் பாடத்தில் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். கேள், எழுது, வாசித்துக் காட்டு, கையெழுத்து வாங்கு. இந்த நான்கு படிகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தாள். களப்பயிற்சிக்காக இராயபுரம் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றுக்கு வந்து சேர்ந்த பன்னிரண்டாம் நாள், முதன்முதலாக ஒரு புகாரைத் தனியாக எழுதச் சொன்னார் ஆய்வாளர்.

வந்தவர் சிலுவையம்மாள். முட்டிவலிக்காரர். ஆட்டோவிலிருந்து இறங்கி நான்கு படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றுவிட்டார்.

"எங்க வூட்டுக்காரரும்மா, கஸ்பாரு. ஆர்பர்ல கிரேன் ஓட்டினவரு. ரிட்டேராயி ஒம்போது வருசமாவுது. இப்ப நாபகம் தப்பிப் போவுது. நா குளிச்சிட்டு வர்றதுக்குள்ள பழைய காக்கிச் சட்டய மாட்டிகினு, வெறும் டிபன் கேரியரத் தூக்கிகினு டூட்டிக்குன்னு போய்ட்டாரு. மீன் விக்கிற அங்கம்மா ஷேர் ஆட்டோல போவச்சொல்லோ பாத்திருக்கா. பாலத்தாண்ட குந்திகினு கீறாருன்னு போன் பண்ணா. அவருக்குச் சக்கர வியாதிம்மா. நேரத்துக்குத் துன்னலன்னா மயக்கமாயிடுவாரு."

கரோலின் எழுதினாள். ஒரு அடித்தல் இல்லை. பிறகு முறைப்படி வாசித்துக் காட்டினாள். "எனது கணவர் பாலத்தைத் தாண்டி அமர்ந்திருந்ததாக மேற்படி அங்கம்மா கைப்பேசி வாயிலாக எனக்குத் தெரிவித்தார்..."

"சரிதானம்மா?"

சிலுவையம்மாள் தலையை ஆட்டினார். "படிச்ச பொண்ணு நீ. சரியாத்தான் எழுதியிருப்ப."

கையெழுத்தும் வாங்கியாயிற்று. "இந்த முட்டியோட நீங்க வெயில்ல அலையாண்டாம்மா. இங்கனயே இருங்க. நாங்க பாத்துக்கிடுதோம்" என்று மின்விசிறிக்கு நேர் கீழே பெஞ்சை இழுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலும் கையில் கொடுத்துவிட்டுத்தான் இரண்டு காவலர்களோடு ஜீப்பில் ஏறினாள்.

ரயில் பாதைக்கு மேலே ஏறி இறங்கும் பாலம் அது. அதைத் தாண்டி அந்தப் பக்கம் டீக்கடை டீக்கடையாகக் கேட்டார்கள். துணிக்கடைக் கேமராக்களைப் பார்த்தார்கள். மருத்துவமனைக்கும் போய் வந்தார்கள். வண்ணாரப்பேட்டை வரை போனதில் ஜீப் நான்கு முறை பாலத்தில் ஏறி இறங்கியது. கஸ்பாரின் நிழலைக்கூடக் காணோம்.

இரண்டு மணிக்குக் கரோலின் வெறுங்கையோடு திரும்பியபோது சிலுவையம்மாள் அதே பெஞ்சில் இருந்தார். பாட்டிலின் மூடிகூடத் திறக்கப்படவில்லை.

"பாலம் தாண்டி வண்ணாரப்பேட்ட வரைக்கும் தேடிட்டோம்மா" என்றாள்.

"அங்க இன்னாத்துக்கும்மா போனீங்க? பாலத்தாண்டன்னுதான சொன்னேன்?"

"ஆமாம்மா. பாலம் தாண்டித்தான தேடுதோம்?"

காலையிலிருந்து கோர்ட் வேலையாகப் போயிருந்த காவலர் யசோதரா அப்போதுதான் உள்ளே வந்தாள். கரோலின் வயதுதான். புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். கையிலிருந்த கோர்ட் காகிதக் கட்டை அப்படியே மேசையில் போட்டாள்.

"மேடம், பாலத்தாண்டன்னா பாலத்துக்குப் பக்கத்துல. அண்டையில. அம்மா ஆண்டங்கிறாங்கோ, நீங்க தாண்டிகினு கீறீங்கோ!"

கரோலினுக்கு அது தெரியாத சொல் அல்ல. அண்டை வீடு, அண்டை நாடு என்று ஆயிரம் முறை எழுதிய சொல். படத்தில் யாராவது 'வூட்டாண்ட' என்றால் விடுதித் தோழிகளோடு சேர்ந்து சிரித்தவள்தான் அவளும். சிரிக்கத் தெரிந்த சொல்லை எதிரே ஒருத்தி பதறிக்கொண்டு சொன்னபோது அடையாளம் தெரியவில்லை. அந்த அம்மாவைத் தேடவிடாமல் பெஞ்சில் உட்காரவைத்ததும் அவள்தான்.

"நான்தான்..." என்று தொடங்கினாள்.

"அதெல்லாம் அப்பால பேசிக்கலாம் மேடம்" என்றாள் யசோதரா. "அப்பாலன்னா அப்புறம். வண்டில ஏறுங்கோ. அம்மா, நீயும் வா."

பாலத்தின் மேலே போகவில்லை. பக்கத்துச் சந்தில் இறங்கினார்கள். பெரிய தூண் ஒன்றின் மறைவில், ஒரு காலத்தில் ஆர்பர் ஆட்களை ஏற்றிப்போக வண்டி வந்து நின்ற இடத்தில், கல்லின்மேல் கஸ்பார் உட்கார்ந்திருந்தார். மடியில் கேரியர். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. தலைக்கு மேலே வண்டிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. நான்கு முறை இவர் தலைக்கு மேலேயே போய் வந்திருக்கிறோம் என்று கரோலினுக்குப் புரிந்தது.

பக்கத்தில் போய் மண்டியிட்டாள். அவர் அவளுடைய காக்கியைப் பார்த்தார். தன்னுடையதையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"நீயும் செகண்ட் ஷிப்ட்டா?"

"ஆமாய்யா. புதுசு."

"பயப்படாத. நா கீறேன்ல?" நகர்ந்து கல்லில் இடம் விட்டார். "குந்தும்மா. வண்டி இன்னிக்கி லேட்டு."

அவள் உட்கார்ந்தாள். அதற்குள் சிலுவையம்மாள் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார். "யோவ், உசுரு போச்சுய்யா எனுக்கு! வண்டியாம் வண்டி! வாயத் தொற." வழியில் யசோதரா வாங்கிய வாழைப்பழத்தைப் பிட்டுப் பிட்டு ஊட்டினார். மூன்றாம் துண்டை மட்டும் கஸ்பார் கையால் தடுத்துக் கரோலின் பக்கம் நீட்டினார்.

"இதுக்குக் குடு. மூஞ்சி வாடிக் கீது."

மருத்துவரிடம் காட்டி, சர்க்கரை அளவு பார்த்து, நிலையத்துக்கு வர மணி நான்கரை. "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"அவங்க சரியாச் சொன்னாங்க சார். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவர் மேசையிலிருந்த பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். "அப்போ திரும்ப எழுதுங்க. தப்பு நடந்ததை ஸ்டேஷன் டைரியிலயும் எழுதுங்க."

கஸ்பார் பெஞ்சில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். கரோலின் புதிய தாளை எடுத்தாள். 'பாலத்தாண்ட' என்ற சொல்லைச் சொன்னது சொன்னபடியே மேற்கோளுக்குள் எழுதினாள். பிறகு காலையில் எழுதியதையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை வாசிக்கவில்லை, சிலுவையம்மாளின் பேச்சிலேயே தட்டுத்தடுமாறிச் சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு கஸ்பாரு. வயசு எழுவது. வலது கன்னத்தாண்ட மச்சம் கீது..."

அவள் வாயில் 'கீது' வந்ததும் சிலுவையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இரு இரு. மச்சம் எடப்பக்கம்மா."

"காலையில வலதுன்னு வாசிச்சப்போ சரின்னீங்களே?"

"அவரு என் எதுருல குந்தினா என் வலதுகைப் பக்கம் வரும்னு காட்டினேன். நீ படிச்சது கோயில் ஜெபமாட்டம் இருந்துச்சு, ஆமென்னு தலயாட்டிட்டேன். அப்பால, வயசு எழுவது இல்ல, அறுவத்தொம்போது. டிசம்பருக்குத்தான் எழுவது. எழுதிக்க."

வாசலில் நின்ற யசோதரா எட்டிப் பார்த்தாள். "இன்னொரு பேப்பர் எடுத்தாரவா மேடம்?"

"ரெண்டா எடுத்துட்டு வாங்க" என்றாள் கரோலின்.