ஷாஹீன் சிக்ஸின் கோல்கீப்பர்

பிணவறைக் கதவைத் திறந்த சிப்பந்தி "கௌஸ் முகைதீன்" என்று உரக்கக் கூப்பிட்டதும், வெளியே பெஞ்சில் இருந்த கௌஸ் முகைதீன் பாதி எழுந்துவிட்டான். தன் பெயர் காதில் விழுந்தால் யாருக்கும் உடம்பு தானாக எழுந்துவிடும். பக்கத்தில் இருந்த ஆனந்தராசா அவன் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். பிறகு தானே எழுந்து போனான்.

சிப்பந்தி இந்தியில் பேசினார். மதியத்துக்குள் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார், மாலைத் தொழுகைக்குள் அடக்கிவிடலாம் என்றார். செத்தவருக்கு நீ என்ன வேணும் என்றும் கேட்டார்.

"தோஸ்த்" என்றான் ஆனந்தராசா, கூட்டாளி என்று.

உள்ளே கிடந்தவர் நவரத்தினம். ஆனந்தராசாவின் கூடப்பிறந்த அண்ணன். விடிகிற நேரத்தில் உயிர் போனது. குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பிடித்துவிட்டது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னார். எப்படிக் கொண்டுவருவது? நவரத்தினத்துக்கு விசா இல்லை, கார்டு இல்லை, கையில் பாஸ்போர்ட்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்பார்கள், கேள்விக்குப் பின்னால் போலீஸ் வரும், போலீசுக்குப் பின்னால் கொழும்புக்கு ஒரு டிக்கெட் வரும். எண்பத்தெட்டாம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போக யாருக்கு மனம் வரும்? எனவே ஆனந்தராசா முதலில் சோடா வாங்கிக் கொடுத்தான். பிறகு வலி மாத்திரை. அண்ணன் பாயில் சுருண்டு முனகத் தொடங்கிய பிறகுதான் கௌஸ் முகைதீனின் ஹெல்த் கார்டை இரவல் வாங்கினான். கார்டில் இருந்த படம் மங்கல். மீசை வைத்த நம் ஆட்கள் எல்லோரும் வளைகுடாவில் அட்டைப் படத்துக்கு ஒரே ஆள்தான். யாரும் கேட்கவில்லை.

மூவரும் ஒரே டீமில் ஆடியவர்கள். இன்றைக்கு அந்த டீமைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர்களுடைய கஃபீல், விசா கொடுத்த அரபி, தரை ஓடு விற்பவர். அமெரிக்கா போன இடத்தில் ஒரு மண்டபத்துக்குள்ளே கால்பந்து ஆடுவதைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார். சுற்றிலும் பலகைச் சுவர், பந்து வெளியே போகாது, சுவரில் பட்டுத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். வந்ததும் வராததுமாக அல் கூஸ் பேட்டையில் இருந்த தன் ஓட்டுக் கிடங்கைக் காலி செய்தார். சிமெண்டுத் தரையில் பச்சைக் கம்பளம் விரித்தார். நாலு பக்கமும் பிளைவுட் அடித்தார். ஆறு பேர் ஆடும் டீமுக்கு ஷாஹீன் சிக்ஸ் என்று பெயர் வைத்து, ஆடுவதற்கே மாதச் சம்பளமும் கொடுத்தார். விசாவில் மட்டும் எல்லோரும் லோடிங் ஹெல்பர்.

இரண்டு குளிர்காலம் அந்தக் கிடங்கு கிடுகிடுத்தது. வியாழன் மாலையானால் ஹோட்டல்காரர்கள், பாங்குக்காரர்கள், வெள்ளைக்காரக் கம்பெனிக்காரர்கள் என்று ஒவ்வொரு டீமாக வந்து தோற்றுப்போனார்கள். தொழிலாளர் கேம்புகளில் இருந்து லாரி ஏறி வந்த நம் ஆட்கள் பலகைச் சுவரைக் கையால் அடித்துக் கூத்தடித்தார்கள். கீழக்கரைக்காரனான கௌஸ் பந்தைச் சுவரில் மோதவிட்டு, எதிராளி திரும்புவதற்குள் தானே ஓடி எடுப்பான். கேப்டன் ஆனந்தராசா. அண்ணனைக் கடிதம் போட்டு வரவழைத்தவனும் அவன்தான். நவரத்தினம் கோலில் நின்றால் பலகைகூட அவருக்கு ஒத்தாசை செய்யும் என்பார்கள்.

பிறகு எண்ணெய் விலை விழுந்தது. கட்டடங்கள் பாதியில் நின்றன, ஓடு தேங்கியது, கிடங்கு தேவைப்பட்டது. கஃபீல் ஒருநாள் வந்து "கலாஸ்", முடிந்தது என்றார், அவ்வளவுதான். வேறு கம்பெனிக்குப் போக ஒருவனுக்குத்தான் ரிலீஸ் தருவேன் என்றார். அதை ஆனந்தராசா வாங்கிக்கொண்டான். தான் முதலில் காலூன்றி அண்ணனை இழுத்துக்கொள்வதாகச் சொன்னான். சொன்னபோது மனதாரத்தான் சொன்னான். கௌஸ் ஊருக்குப் போய்விட்டு, ஊர்க்காரர் அகமது கபீரின் பலசரக்குக் கடை விசாவில் முறையாகத் திரும்பி வந்துவிட்டான். நவரத்தினம் அல் கூஸிலேயே ஒரு பெட்டி அடிக்கும் பட்டறையில் ஒளிந்து வேலை பார்த்தார். கிடங்கின் பலகைகளை அந்தப் பட்டறைக்காரன்தான் விலைக்கு எடுத்தான். பந்து பட்டுக் கறுத்த அந்தப் பிளைவுட்டை அறுத்துச் சரக்குப் பெட்டியாக்கியது நவரத்தினத்தின் கைதான்.

ஆனந்தராசா பெஞ்சுக்குத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தித் தன் யோசனையைச் சொன்னான். கௌஸ் இன்றைக்கே பிளேன் ஏறிவிட வேண்டும். செத்தவன் பெயர் விமான நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் அவனுக்கு ஆபத்தில்லை. இங்கே அடக்கம் முடிந்துவிடும். இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போகாமல் தப்பலாம். கபீரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சொல்லச் சொல்ல அவனுக்கே தன் குரல் பிடிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

கௌஸ் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் நவரத்தினத்தைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் ஊரில் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள்.

"கார்டு கொடுத்தது நான். அதுக்கு ஜெயிலுன்னா போறேன்" என்றான். "காக்கா என் பேர்ல மருந்து சாப்புட்டாரு, சரி. என் பேர்ல மண்ணுக்குள்ள போவக் கூடாது. அவரு சாமி கும்புட்ட மனுசன். அறிஞ்சுகிட்டே நான் எப்படி ஆனந்து அவருக்கு ஜனாஸா தொழுவேன்?"

"உனக்குப் பிள்ளைகள் இருக்கல்லோ. உன்ர மனிசி ஷம்சாத்தை நினைச்சுப் பார்."

"நெனச்சுட்டுத்தான் சொல்றேன். ஊருல குமுதினி அண்ணி யாரு செத்ததா நெனைப்பாங்க? ஒருத்தரும் சாவல. காயிதம் வரும் வரும்னு வருசக்கணக்கா வாசலப் பாத்துக்கிட்டுக் கெடப்பாங்க."

ஆனந்தராசாவை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. கௌஸிடம் அதை அவன் சொல்லியிருக்கவில்லை.

முந்தாநாள் காய்ச்சல் ஏறிக் கிடந்தபோது, நினைவு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக டாக்டர் குனிந்து உன் பெயர் என்ன என்று கேட்டார். "நவரத்தினம்" என்றார் அண்ணன். டாக்டர் கார்டைப் பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே, தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். டாக்டர் ஆனந்தராசா பக்கம் திரும்பினார். அது ஒரு கூட்டாளியின் பெயர், காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று ஆனந்தராசா ஆங்கிலத்தில் சொன்னான். நாக்குக் கூசவில்லை. நவரத்தினம் தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், எத்தனை தரம் கேட்டாலும், "கௌஸ் முகைதீன்" என்றே சொன்னார். விடியப்புறம் நர்ஸ் கன்னத்தைத் தட்டிக் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஆனந்தராசா எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். கழுவிய முகத்தைத் துடைக்காமலே நின்றான். தைரியசாலி என்று யாரும் அவனைச் சொல்லமாட்டார்கள். அவனும் தன்னை அப்படி நினைத்ததில்லை. திரும்பி வந்து கௌஸிடம், "நீ வெளியில போய் நில். உன்னைக் கூப்பிட்டா வா" என்றான். கௌஸ் போகவில்லை. இருவரும் சேர்ந்தே டாக்டரின் அறைக்குள் நுழைந்தார்கள்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையெழுத்துக்கு எடுத்து வைத்திருந்த கடதாசியை மேசையின் மறுபக்கம் தள்ளி வைத்தார்.

"அவர் என்னிடம் சரியாகத்தானே சொன்னார்" என்றார். பிறகு போனை எடுத்தார்.

வந்த போலீஸ்காரர் நடுத்தர வயது, உருது தெரிந்தவர். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார். பழைய கஃபீலிடம் என்றார்கள். அவர் அங்கிருந்தே கஃபீலின் ஆபீசுக்குப் பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக என்னவோ பதில் வந்தது. போலீஸ்காரர் போனை வைத்துவிட்டு, கால்பந்து டீமா, அப்படி ஒன்று அவர்களிடம் இருந்ததே இல்லையாம், அவர்கள் ஓடு மட்டும்தான் விற்கிறார்களாம் என்றார். நவரத்தினம் என்று ஒரு ஆளும் மாஃபி, கிடையாதாம். இத்தனை பேரைத் தோற்கடித்த டீம், ஒரு போன் பேசி முடிப்பதற்குள் இல்லாமல் போய்விட்டது.

இவர் நீ சொல்லும் ஆள்தான் என்பதற்கு என்ன அடையாளம் என்று போலீஸ்காரர் கேட்டார். மச்சம், தழும்பு, ஏதாவது.

ஆனந்தராசா தன் இடக்கையைத் தூக்கிக் காட்டினான். "இடக்கைச் சின்ன விரல்" என்றான். "கடைசி மேட்ச்சில ஒருத்தன் அடிச்ச பந்தோட சேர்ந்து கை பலகையில மோதி முறிஞ்சது. வேற கோலி இல்லை. இன்சுலேஷன் டேப்பைச் சுத்திக்கொண்டு நில்லண்ணை எண்டு நான்தான் சொன்னனான். நிண்டவர். பிறகு அது நிமிரவேயில்லை."

கௌஸ் அதை அவருக்கு உருதுவில் சொன்னான்.

மூவரும் பிணவறைக்குள் போனார்கள். சிப்பந்தி பலகையை வெளியே இழுத்தார். போலீஸ்காரர் துணியை ஓரமாக விலக்கி இடக்கையைத் தூக்கிப் பார்த்தார். சின்ன விரல் உள்ளங்கைப் பக்கம் கொக்கிபோல் வளைந்து கிடந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, பேனாவைத் திறந்து, செத்தவருக்கு நீ என்ன வேணும் என்று கேட்டார்.

"தம்பி" என்றான் ஆனந்தராசா.

அவர் எழுதிக்கொண்டார். சிப்பந்தி கையைப் பழையபடி வைத்துத் துணியை மேலே இழுத்தார். துணி வரவில்லை. வளைந்த விரல் அதன் ஓரத்தைக் கொளுவிப் பிடித்திருந்தது. சிப்பந்தி மறுபடி இழுக்கப் போனபோது ஆனந்தராசா அவர் கையைத் தடுத்தான். குனிந்து, நோகாதபடி மெதுவாக, விரலிலிருந்து துணியை எடுத்துவிடத் தொடங்கினான்.