பில் இல்லாத காற்று

ஒரு வீட்டுக் காற்றின் விலை மூவாயிரத்து இருநூறு ரூபாய். பில் இல்லாததற்கு முந்நூறு கழித்து, நூம்பல் டில்லிபாபு அதை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு வாங்கினான். வாங்கும்போது அதை ஏர் கூலர் என்றுதான் நினைத்தான். பழைய சாமான் வாங்கி விற்கிறவர்கள் போனில் கடை விரித்திருக்கிற இடத்தில் அவன் பார்த்த படமும் கூலருடையதுதான்: வெள்ளை உடம்பு, நீல மூடி, நான்கு சக்கரத்தில் ஒன்று இல்லை. விற்கிறவன் பெயர் ராகேஷ் என்று போட்டிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. பூ வைத்துக்கொண்டு வியாபாரம் பேசுகிறவன் முகத்தை எங்கே வைத்திருக்கிறான் என்று கேட்டிருக்கலாம். டில்லிபாபு விலையைத்தான் கேட்டான்.

அது அவனுடைய குற்றமில்லை, ரத்தம். அவன் அப்பா முனியன், பூந்தமல்லியில் ஒரு வாழைத்தாருக்குப் பேரம் பேசிப் பேசி, விற்கிறவன் தாரையும் கொடுத்து பஸ்ஸுக்கும் சில்லறை கொடுத்து அனுப்பியதாக ஊரில் பேச்சு உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: சாமானில் குறை கண்டுபிடி, குறைக்கு விலை போடு. சக்கரம் இல்லையா, அதற்கு இவ்வளவு. மூடியில் கீறலா, அதற்கு இவ்வளவு. அப்படித்தான் டில்லிபாபு பில் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை ப்ரோ என்று பதில் வந்தது. வேறு யாராவது அந்த இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அவனுக்கோ அது இன்னொரு சக்கரமாகத் தெரிந்தது. ‘பில் இல்லன்னா முந்நூறு கொற மாமே’ என்று எழுதி, சிரிக்கிற மூஞ்சி இரண்டு போட்டான். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓகே வந்தது.

வேலப்பன்சாவடிப் பாலத்துக்குக் கீழே சாமானைக் கொண்டுவந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. போனில் பணம் போடட்டுமா என்றதற்கு, “கையில குடுண்ணா” என்றான். வாங்கிய பணத்தை எண்ணாமல் பைக்குள் சொருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். எண்ணாமல் பணம் வாங்குகிறவன் ஒன்று சொந்தக்காரன், இல்லாவிட்டால் திருடன் என்பது முனியனின் வாக்கு. அது டில்லிபாபுவுக்கு ஞாபகம் வந்தபோது கூலர் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டிருந்தது.

சித்திரை வெயிலில் கூலரைப் போட்டதும் நல்ல காற்று வந்தது. அதில் நெத்திலிக் கருவாடு வறுக்கிற வாசனையும், தலைவலித் தைலமும், மரிக்கொழுந்தும் இருந்தன. டில்லிபாபுவின் மனைவி ஜோதிகா கருவாடு சமைப்பதில்லை, மரிக்கொழுந்து வைப்பதில்லை. ஷிப்டு முடித்து வந்து கூலருக்கு முன்னால் படுத்து எழுந்த புருஷனின் சட்டையைத் துவைக்க எடுத்தவள், துவைக்காமல் கொடியில் மாட்டி, அதற்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

“யாருய்யா அவ?”

“எவ?”

“மரிக்கொழுந்து வெச்சிகினு கருவாடு வறுக்கிறவ. தல வேற வலிக்குது போல அவளுக்கு.”

டில்லிபாபு சத்தியம் செய்தான். சத்தியத்தால் சந்தேகம் தீர்ந்த வீடு எதுவும் நூம்பலில் கிடையாது. ஜோதிகா அவன் போனைப் பார்த்தாள், டிபன் பாக்ஸை மோந்து பார்த்தாள், அவன் வேலை செய்கிற அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்குப் போன் போட்டு அங்கே எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அவன் இல்லாத நேரத்தில் கூலரைப் போட்டாள். சாம்பிராணிப் புகை குபுகுபுவென்று வந்தது. அதன் பின்னாலேயே ரயில் ஊதுகிற சத்தம். நூம்பலில் ரயில் கிடையாது. சந்தேகத்தைப் புருஷனிடமிருந்து எடுத்து, தூசி தட்டி, கூலரின் மேல் வைத்தாள்.

தெருவுக்கு இதெல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது. பக்கத்து வீட்டு நாகம்மா, அது நல்ல காய்ந்த காற்று என்று சொல்லி வடகத்தை அதற்கு முன்னால் பரப்பினாள். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற ஏகாம்பரம், சாயங்காலமானால் நாற்காலியோடு வந்து உட்கார்ந்து, வருவது திருத்தணி வண்டியா அரக்கோணம் வண்டியா என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு காற்றோட்டமான வீட்டுக்கு இந்த வாடகை கட்டாது என்று மாதம் ஐம்பது ரூபாய் ஏற்றினார்.

தினமும் பதினொரு மணிக்குக் காற்றில் ஒரு பெண்பிள்ளையின் குரல் வரும். முதலில் அது யாரோ யாரையோ திட்டுகிற பொதுவான திட்டு என்றுதான் இருந்தார்கள். போகப் போகத்தான் வார்த்தை பிடிபட்டது. கழுவிக் காய வைத்த கூலரை வாசலிலிருந்து தூக்கிப்போனவன் கையில் புழு வைக்க வேண்டும் என்றது குரல். தூக்கினவனையாவது விட்டுவிடலாம், அதை வாங்கிப் போட்டுக்கொண்டு காலை நீட்டிப் படுத்திருக்கிறானே ஒருவன், அவன் ஒரு நாளாவது நிம்மதியாக மூச்சு விடுவானா என்றது. ஜோதிகா சுவிட்சை அணைத்தாள். காற்று நின்றது, குரல் மட்டும் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நின்றது.

டில்லிபாபுவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்தது. எஸ்டேட்டில் அவன் காண்ட்ராக்ட் ஆள். ஆடி மாதம் பர்மனன்ட் ஆக்குகிறோம், உன் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று போலீஸில் ஒரு காகிதம் வாங்கி வா என்று சொல்லியிருந்தார்கள். பத்து வருஷம் இரும்புத் தகட்டுக்கு நடுவில் விரலைக் காப்பாற்றி வைத்திருந்தது அந்தக் காகிதத்துக்காகத்தான். திருட்டுச் சாமான் வீட்டில் இருக்கும்போது காகிதம் எப்படி வரும். அதனால் அவன் எல்லாரும் செய்கிற காரியத்தைச் செய்தான். கூலரைப் படம் பிடித்து, வாங்கின இடத்திலேயே விற்கப் போட்டான். அன்றைக்கே ஒருவன் வந்தான். நல்லா கீதா, காத்து வருதா, பில்லு கீதா என்று கேட்டான். இல்லை என்று டில்லிபாபு எழுதினான். அப்ப முந்நூறு கொற என்று அவன் எழுதினான். சிரிக்கிற மூஞ்சி இரண்டு.

ஜோதிகா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். “ஓகேன்னு போட்டுடு,” என்றாள். “போட்டுட்டு பேரையும் ராகேஷ்னு மாத்திக்கோ. ரோசாப்பூ நான் வாங்கியாறேன்.”

போனைக் கவிழ்த்து வைத்தான். மறுநாள் கூலரைக் குட்டி யானை வண்டியில் ஏற்றினார்கள். ஊர் தெரியாமல் இல்லை. ரயில் நின்று கிளம்பும்போதெல்லாம் வேப்பம்பட்டு, வேப்பம்பட்டு என்று கூலருக்குள் அறிவிப்பு கேட்டுக்கொண்டே இருந்ததே. ஸ்டேஷனுக்குப் பின்புறம் இறங்கிக் கூலர் திருடுபோன வீடு எது என்று கேட்டார்கள். ரேஷன் கடை எது என்று கேட்டால் காட்டுவது போல, காற்றில்லாத வீடா என்று ஒருவர் கையைக் காட்டினார். அங்கே வாசல் வேம்பின் தெருப்பக்கத்துக் கிளை ஆடிக்கொண்டிருந்தது, வீட்டுப்பக்கத்துக் கிளை ஆணி அடித்த மாதிரி நின்றது. உள்ளே வாசற்படித் திரை தகரம் போல விறைத்திருந்தது. ஏற்றி வைத்த ஊதுபத்தியின் புகை, பத்தி அணைந்து ஒரு வாரமாகியும், தூண் போல உத்தரம் வரை நின்றது. பொன்னியம்மா என்கிற வீட்டுக்காரி, அடுப்புப் புகையை முறத்தில் அள்ளிக்கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் லட்சுமணன் மூச்சுத் தேவைப்படும்போதெல்லாம் எழுந்து எதிர்வீட்டு வாசலுக்குப் போய் விட்டுவிட்டு வந்தார். அவர்கள் வீட்டுக் காற்று முழுக்கக் கூலரோடு போய்விட்டிருந்தது.

பொன்னியம்மா கூலரைப் பார்த்தாள், டில்லிபாபுவைப் பார்த்தாள்.

“நீயே தூக்கினு போயி நீயே தூக்கினு வந்தியா? பூஜைக்கு எடுத்துனு போன குத்துவெளக்கா நைனா அது?”

போலீஸில் அவள் எழுதிக்கொடுத்த புகார் இருந்தது. கூலர், டில்லிபாபு, ஜோதிகா, புகார் கொடுத்தவள் எல்லாரும் அதே குட்டி யானையில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். சப் இன்ஸ்பெக்டர் மனோகரன் பொறுமையான ஆள். டில்லிபாபு சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு போனை வாங்கி, ரோஜாப்பூவோடு நடந்த பேச்சை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

“பொருளுக்குப் பேரம் பேசினவனப் பாத்திருக்கேன்,” என்றார். “பில்லு இல்லாததுக்குப் பேரம் பேசினவன் நீதாம்ப்பா. முந்நூறு ரூபான்னு வெல வேற போட்டிருக்க. அப்ப சந்தேகம் இருந்திருக்கு, அந்தச் சந்தேகத்துக்கு நீ கூலி வாங்கிகினே. இதத்தான் கோர்ட்ல, தெரிஞ்சு வாங்கினான்னு சொல்லுவாங்க.”

ஆடி மாதம் ஜன்னல் வழியாக வெளியே போவதை டில்லிபாபு பார்த்துக்கொண்டிருந்தான். மனோகரன் ராகேஷின் நம்பருக்குப் போன் போட எழுந்து போனார். அது அணைந்திருந்தது, பூ மட்டும் மலர்ந்திருந்தது. அந்த நேரத்தில் பொன்னியம்மா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கூலர் வந்துச்சு, சரி. இத்தினி நாளு எங்க ஊட்டுக் காத்துல படுத்துனு இருந்தியே, அதுக்கு இன்னா தர்ற?”

“எவ்ளோம்மா?”

“முந்நூறு. நீ போட்ட வெலதான். அந்த பில்லு என் பெட்டில கீது.”

ஜெயிலுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மேஜைதான் இருந்தது. ஆனாலும் முனியன் மகனுக்கு வாய் தானாகத் திறந்தது.

“நூறு தரேன். ஒரு சக்கரம் இல்ல, பாத்துக்கோ.”

“சக்கரம் கடையிலயே இல்ல. அதச் சொல்லி நான் அப்பவே கொறச்சிட்டேன். ஒரே சக்கரத்த எத்தினி பேரு கொறப்பீங்க?”

“அப்ப உங்க காத்துல திட்டும் வந்துச்சே. காதுல வாங்கினதுக்கு யாரு கழிக்கிறது? நூத்தம்பது.”

“திட்டுக்குக் காசு கேக்கல நைனா, அது இனாம். எரநூறு. முடிஞ்சது.”

ஜோதிகா தலையில் அடித்துக்கொண்டாள். டில்லிபாபு வண்டி வாடகைக்கு வைத்திருந்ததை ஒதுக்கிவிட்டு நூறு ரூபாய் கொடுத்தான். மீதி நூறு பிறகு என்று பேச்சு. பொன்னியம்மா அந்த ஒற்றை நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பி வந்த மனோகரனிடம் போய் நின்றாள்.

“ஐயா, இவன் திருடனும் இல்ல, திருடனுக்குக் கூட்டாளியும் இல்ல. திருட்டுப்பய பேரம் பேசமாட்டான், கேட்டதுக்கு ஓகேன்னுட்டு ஓடிடுவான். இது இன்னாடான்னா, உங்க பெஞ்சில ஒக்காந்துகினு சக்கரத்துக்குக் கழிக்குது. இது புத்தி கெட்டதுதான். கெட்ட புத்தியில்ல.”

மனோகரன் போனை இன்னொரு தடவை படித்தார். ஓகே என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லியிருந்தது ரோஜாப்பூதான் என்பதைக் கவனித்தார். சாமானைத் தானே கொண்டுவந்து ஒப்படைத்தவன் என்றும் சாட்சி என்றும் டில்லிபாபுவை எழுதிக்கொண்டார். இனிமேல் பில்லைப் பார்த்துவிட்டு விலையைக் கேள் என்றார். ஆடியில் காகிதம் வந்தது, வேலையும் நிரந்தரமானது.

வேப்பம்பட்டில் கூலரைப் போட்டதும் ஊதுபத்தித் தூண் கலைந்து ஜன்னல் வழியாக வெளியேறியது, லட்சுமணன் சொந்த வாசலில் மூச்சு விட்டார். நூம்பலில் கூலர் இருந்த மூலை காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தினமும் பதினொரு மணிக்கு அந்த மூலையிலிருந்து மரிக்கொழுந்து மணக்கக் காற்று வருகிறது, அதில் பொன்னியம்மா, அந்த நூறு ரூபா இன்னா ஆச்சு நைனா என்று கேட்கிறாள். இதோ தரேம்மா என்று டில்லிபாபு மூலையைப் பார்த்துச் சொல்கிறான். கொடுத்துத் தீர்த்தால் காற்று நின்றுவிடும் என்று அவன் கொடுப்பதில்லை. வாங்கிவிட்டால் கேட்க ஆளிருக்காது என்று அவளும் நேரில் வருவதில்லை. ஏகாம்பரம் நாற்காலியை மூலைக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ராகேஷிடம் போனது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், வராது. குட்டி யானைக்கு எழுநூறு, தீர்ந்தது. வீட்டுக்காரருக்கு மாதம் ஐம்பது, ஓடுகிறது. பில்லுக்கு இருநூறு, அதில் கொடுத்தது நூறு. பாக்கி நூறு.